கச்சா எண்ணெயும் கைத்தொழில் சுதந்திரமும்

ஆப்பிரிக்கக் கண்டத்தில் மிகுதியாக மண்ணெய் எடுக்கும் தேசங்களுள் நைஜீரியா முன்னணியில் நிற்பது. அந்நாட்டின் ஒலோயிபிரி என்னும் கிராமத்தில் 1956-ஆம் வருஷத்தில் எண்ணெய் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது. 1958-இல் அது கப்பலேறி அந்நிய நாடு சென்றது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்நாட்டுக் கடற்கரையிலிருந்து கச்சா எண்ணெய் இடைவிடாது போய்க்கொண்டே இருந்தது. ஆயினும், அத்தேசத்து மோட்டார் வண்டிக்காரனும், சிறு யந்திரம் வைத்து விளக்கேற்றும் கடைக்காரனும், படகோட்டியும், வெகுகாலம் ஐரோப்பாவில் காய்ச்சி வடித்துத் திரும்பி வந்த பெட்ரோலுக்காகவே வரிசையில் காத்து நின்றார்கள். கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன் என்று நம் கிழவிகள் கேட்பதுண்டு. ஒரு தேசம் முழுவதுமே அவ்வாறு அலைந்ததென்றால் அதன் காரணம் யாது என்று ஆராய்வது, எண்ணெயை விற்கும் தேசத்தாருக்கு மட்டுமன்றி, வாங்கும் தேசத்தாராகிய நமக்கும் அவசியமாகும்.

பூமியிலிருந்து வரும் கச்சா எண்ணெய் அப்படியே எதற்கும் உதவாது. அதைப் பெருங்கலங்களில் காய்ச்சி, உயர்ந்த கோபுரம் போன்ற குழாய்களில் ஆவியாக ஏற்றி, இலேசானதை மேலும் கனமானதைக் கீழுமாகப் பிரிக்க வேண்டும். அடுப்பெரிக்கும் வாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், கப்பலுக்கான கரி எண்ணெய், ரஸ்தாவுக்கான தார் யாவும் இவ்வாறு பிரிந்து வருபவையே. கனமான பாகத்தை மறுபடியும் உடைத்து இலேசாக்குவதும், அதிலுள்ள கந்தகத்தை நீக்குவதும் இன்னும் நுட்பமான வேலைகள். இவற்றைச் செய்யும் இடமே சுத்திகரிப்பு ஆலை. கழனியில் விளைந்த நெல்லுக்கும் கலத்தில் விழும் சோற்றுக்கும் இடையே உரலும் அடுப்பும் இருப்பதுபோல், ஊற்றுக்கும் உபயோகிப்பவனுக்கும் இடையே இந்த ஆலை நிற்கிறது. உரல் எவன் வீட்டில் இருக்கிறதோ, அவனே கூலியை நிர்ணயிக்கிறான்.

இனி, உலகத்தின் உரல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்ப்போம். 2024-ஆம் வருஷ அளவில் உலகத்து ஆலைகள் அனைத்தும் சேர்ந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி பீப்பாய்க்குச் சற்று அதிகமான எண்ணெயைக் காய்ச்சும் திறமுடையன. ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 லிட்டர். இந்தத் திறத்தில் சீனாவும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் ஏறக்குறைய சமமாக, ஒவ்வொன்றும் 1 கோடியே 80 லட்சம் பீப்பாய் அளவில் வைத்திருக்கின்றன. ருஷ்யா 70 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நமது இந்தியா 50 லட்சத்துக்குச் சற்று மேல். ஆக, இந்த நான்கு தேசங்களிடமே உலகத் திறத்தில் ஏறத்தாழப் பாதி அடங்கிவிடுகிறது. ஒரு சொட்டு எண்ணெயும் குறிப்பிடத்தக்கபடி ஊறாத தென் கொரியாவும் ஜப்பானும் நாளொன்றுக்கு முப்பது லட்சம் பீப்பாய்க்குக் குறையாமல் காய்ச்சும் ஆலைகளை உடையன. ஊற்றே இல்லாத சிங்கப்பூர் தீவு, ஆசியாவின் எண்ணெய் விலை பேசப்படும் சந்தையாக விளங்குகிறது. மறுபுறம், உலக ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வாழும் ஆப்பிரிக்கா முழுவதும் சேர்ந்து உலகத் திறத்தில் முப்பதில் ஒரு பங்கு அளவே உடையது. அதிலும் பெரும்பகுதி பழுதுற்றுக் கிடந்தது. எண்ணெய் ஊறும் இடம் இயற்கையின் ஏற்பாடு என்று கொள்ளலாம். ஆலை நிற்கும் இடமோ மனிதரின் ஏற்பாடு. அதிலும் வலிமையுடைய மனிதரின் ஏற்பாடு.

இதற்குச் சரித்திரமே சாட்சி. இந்நூற்றாண்டுப் பிள்ளைகளுக்கு நினைவிராவிட்டாலும், அவர்களுடைய பாட்டன்மார் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் எரிந்த மண்ணெண்ணெயில் பெரும் பங்கு பர்மாவில் எடுத்து, ரங்கூனுக்கு அடுத்த சிரியத்தில் காய்ச்சப்பட்டு வந்ததாகும். ஸ்காட்லாந்து முதலாளிகளின் பர்மா எண்ணெய்க் கம்பெனி அதை நடத்திற்று. 1942 மார்ச்சில் ஜப்பானியர் நெருங்கியபோது, அவர்கள் கையில் சிக்கலாகாதென்று ஆங்கிலேயரே சிரியம் ஆலையைத் தகர்த்தார்கள். ஆலை பர்மாவில் இருந்தது. விளக்கு இந்தியாவில் எரிந்தது. இரண்டையும் அணைக்கும் அதிகாரம் மட்டும் வேறொருவரிடம் இருந்தது. யுத்த காலத்தில் மண்ணெண்ணெய்க்கு அலைந்த நம் குடும்பங்கள் இப்பாடத்தை அனுபவத்தில் கற்றன.

அதே கம்பெனியின் குழந்தையாக 1909-இல் பிறந்ததே ஆங்கிலோ பாரசீகக் கம்பெனி. அது பாரசீகத்தின் அபாதானில் 1912-இல் அமைத்த ஆலை பின்னாளில் உலகத்திலேயே மிகப் பெரியதாக வளர்ந்தது. அங்கே இந்தியத் தொழிலாளரும் பலர் கூலி வேலை செய்தனர். 1951-இல் பாரசீகத்தார் தம் எண்ணெயைத் தேசவுடைமையாக்கினர். டாக்டர் மொசாதெக் பிரதம மந்திரியானார். ஆங்கிலேயர் தம் நிபுணர்களை அழைத்துக்கொண்டு வெளியேறினர். பாரசீக எண்ணெயை எவரும் வாங்கலாகாதென்று தடுத்தனர். 1952-இல் அதை ஏற்றிச் சென்ற ரோஸ் மேரி என்னும் கப்பலை ஏடனில் பிடித்து வைத்தனர். 1953 ஆகஸ்டில் அமெரிக்க, ஆங்கில உளவு ஸ்தாபனங்களின் துணையோடு மொசாதெக்கின் சர்க்கார் கவிழ்க்கப்பட்டது. அபாதான் கைவிட்டுப் போன இடைக்காலத்தில், கம்பெனி ஏடனில் வேறோர் ஆலையைக் கட்டி 1954-இல் திறந்தது. ஊற்று உள்ள நாட்டில் ஆலையை வைத்தால் அந்நாட்டார் ஒருநாள் அதைத் தமதென்று கூறக்கூடும் என்னும் பாடத்தை மேனாட்டு முதலாளிகள் அன்று நன்றாகக் கற்றுக்கொண்டனர். அதன்பின் புதிய ஆலைகள் பெரும்பாலும் எண்ணெய் எரியும் நாடுகளிலேயே எழுந்தன.

வெனிசுவேலாவில் இந்த ஜாக்கிரதை அதற்கும் முன்பே காணப்பட்டது. அந்நாட்டு மரக்காய்போ ஏரியின் எண்ணெயை அந்நாட்டிலேயே காய்ச்சாமல், கரைக்கு அப்பாலுள்ள குரசாவோ, அரூபா என்னும் டச்சுத் தீவுகளில் கம்பெனியார் பெரும் ஆலைகளை அமைத்தனர். 1943-இல் வெனிசுவேலா சட்டமியற்றி வற்புறுத்திய பிறகே, அமுவாய், கார்தோன் என்னும் ஊர்களில் அத்தேசத்து மண்ணில் பெரிய ஆலைகள் தோன்றின. கேட்டவனுக்கே கிடைத்தது என்பது இதனால் விளங்கும். ஆனால், கேட்டுப் பெற்றதைக் காப்பாற்றுவது வேறொரு கலை. அவ்வாலைகள் பிற்காலத்தில் பராமரிப்பின்றிச் சீர்கெட்டன; 2012 ஆகஸ்டில் அமுவாயில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பது பேருக்கு மேல் மாண்டனர். எல்லாக் குற்றத்தையும் அந்நியர் தலையில் ஏற்றி நாம் நிம்மதியாக உறங்கிவிட முடியாது.

நைஜீரியாவின் கதையும் இவ்விரு பாதியும் சேர்ந்ததே. அந்நாட்டில் ஆலைகளே இல்லாமலில்லை. போர்ட் ஹார்கோர்ட்டில் 1965-இல் ஒன்று, வாரியில் 1978-இல் ஒன்று, கதுனாவில் 1980-இல் ஒன்று, மறுபடியும் போர்ட் ஹார்கோர்ட்டில் 1989-இல் ஒன்று என நான்கு ஆலைகள், ஏட்டளவில் நாளொன்றுக்கு 4 லட்சத்து 45 ஆயிரம் பீப்பாய் காய்ச்சும் திறத்துடன் அமைந்தன. அவை ஒழுங்காக ஓடியிருந்தால் தேசத்தின் தேவையில் பெரும்பகுதி நிறைவேறியிருக்கும். ஓடவில்லை. பழுது பார்ப்பதற்கென்று பெருந்தொகைகள் மீண்டும் மீண்டும் ஒதுக்கப்பட்டன. ஆலைகள் மட்டும் பழுதாகவே நின்றன. மறுபுறம், வெளிநாட்டுப் பெட்ரோலை இறக்குமதி செய்து, சர்க்கார் கொடுக்கும் உதவித்தொகையைப் பெற்றுக் குறைந்த விலைக்கு விற்பது ஒரு பெரும் வியாபாரமாக வளர்ந்தது. ஆலை ஓடினால் இவ்வியாபாரம் நிற்கும். வியாபாரம் நிற்பதை விரும்பாதவர்கள் அதிகார பீடத்துக்கு அருகிலேயே இருந்தார்கள். அந்நிய முதலாளி முதற் காரணமெனில், சுதேச இடைத்தரகன் இரண்டாம் காரணம்.

இதன் பாரம் யார் தலையில் விழுந்தது? 2012 ஜனவரியில் உதவித்தொகை திடீரென நீக்கப்பட்டு, லிட்டர் 65 நைராவாக இருந்த பெட்ரோல் 140 நைரா அளவுக்கு ஏறியபோது, ஜனங்கள் வீதிக்கு வந்து தேசத்தையே ஸ்தம்பிக்கச் செய்தனர். சர்க்கார் ஓரளவு இறங்கி வந்தது. 2023 மே 29-ஆம் தேதி பதவியேற்ற ஜனாதிபதி தினுபு அன்றே அவ்வுதவியை அடியோடு நிறுத்துவதாக அறிவித்தார். 200 நைராவுக்கு உட்பட்டிருந்த விலை சில தினங்களில் 500 நைரா அளவுக்குத் தாவிற்று. வந்த எண்ணெயாவது நல்லதா? ஐரோப்பியத் துறைமுகங்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கென்றே கலக்கப்பட்ட எண்ணெயில் கந்தகம் மிகுந்திருந்தது. தன் வீதியில் எரிக்கத் தகாததைப் பிறன் வீதிக்கு அனுப்பலாகாதென்று நெதர்லாந்து சர்க்கார் தடை விதித்ததே 2023-இல்தான்.

இன்னும் வேதனை தரும் விஷயம் ஒன்றுண்டு. நைஜர் நதி முகத்துவாரத்துக் காடுகளில், குழாய்களிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்த எண்ணெயை இரும்புப் பீப்பாயில் ஊற்றி, அடியில் நெருப்பு மூட்டி, வாலிபர்கள் தாமே காய்ச்சி வடிக்கிறார்கள். வேலையில்லாத கைகளுக்கு அதுவே ஆலை. 2022 ஏப்ரலில் இமோ மாகாணத்துக் காடொன்றில் அத்தகைய அடுப்பு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் கருகி மாண்டனர். தன் காலடியில் ஓடும் குழாயிலுள்ள எண்ணெய் தன் ஊரில் காய்ச்சப்படாமல் கடல் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், உயிரைப் பணயம் வைத்து அதைத் தன் கையாலேயே காய்ச்சத் துணிந்தான். சட்டம் அவனைத் திருடனென்கிறது. சட்டப்படி அது சரியே. ஆனால், அவனை அக்காட்டுக்குத் துரத்திய ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் பெயரில்லை.

அண்மையில் அங்கே ஒரு மாறுதல் நிகழ்ந்திருக்கிறது. லாகோஸுக்கு அருகிலுள்ள லெக்கியில் தங்கோத்தே என்னும் அந்நாட்டு முதலாளி, நாளொன்றுக்கு 6 லட்சத்து 50 ஆயிரம் பீப்பாய் காய்ச்சும் ஆலையை ஏறத்தாழ 2,000 கோடி டாலர் செலவில் அமைத்தார். 2024 ஜனவரியில் டீசலும் விமான எண்ணெயும், செப்டம்பரில் பெட்ரோலும் அங்கிருந்து வரத் தொடங்கின. அவ்வாலை கட்டும் வேலையை மேற்பார்த்தவர்கள் நமது எஞ்சினியர்ஸ் இந்தியா ஸ்தாபனத்தார் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. ஆயினும், ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். நைஜீரியாவின் எண்ணெயில் பெரும்பகுதி முன்னதாகவே அந்நியருக்கு வாக்களிக்கப்பட்டிருந்தபடியால், இவ்வாலை தன் அடுப்புக்கு அமெரிக்காவிலிருந்து கச்சா எண்ணெயைத் தருவிக்க நேர்ந்தது. 2024 அக்டோபரில்தான் சர்க்கார் எண்ணெயை நைரா நாணயத்திலேயே அவ்வாலைக்கு விற்கும் ஏற்பாடு தொடங்கியது. உரல் வந்துவிட்டது, நெல்லைத் தன் களஞ்சியத்திலிருந்தே எடுப்பதற்கு இன்னொரு போராட்டம் வேண்டியிருக்கிறது. அன்றியும், ஒரு தேசத்தின் பெட்ரோல் ஒரே முதலாளியின் ஆலையை நம்பி நிற்பது எவ்வளவு தூரம் நன்மை என்பதை அந்நாட்டாரே யோசிக்க வேண்டும்.

நமது தேசத்தின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. நம்மிடம் நெல் இல்லை, உரல் உண்டு. தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளியிலிருந்தே வாங்குகிறோம். ஆயினும், வருஷத்துக்கு 25 கோடி டன்னுக்கு மேல் காய்ச்சும் ஆலைகள் நம்மிடம் உள்ளன; நம் தேவை போக, ஆறு கோடி டன்னுக்கு மேற்பட்ட சரக்கை வருஷந்தோறும் ஏற்றுமதியும் செய்கிறோம். ஜாம்நகரில் 1999-இலும் 2008-இலும் எழுந்த இரட்டை ஆலை உலகத்திலேயே மிகப் பெரியது. இந்நிலை தானாக வந்ததன்று.

அஸ்ஸாமில் திக்பாயில் 1901 முதல் ஒரு சிறு ஆலை இருந்தது. சுதந்திரம் வந்தபின், 1951 முதல் ஸ்டான்வாக், பர்மா ஷெல், கால்டெக்ஸ் என்னும் மூன்று அந்நியக் கம்பெனிகளோடு நமது சர்க்கார் உடன்படிக்கை செய்துகொண்டது. பம்பாயில் இரண்டும் விசாகப்பட்டினத்தில் ஒன்றுமாக 1954-க்கும் 1957-க்கும் இடையே ஆலைகள் தோன்றின. இருபத்தைந்து வருஷத்துக்குத் தேசவுடைமையாக்குவதில்லை என்று வாக்களித்தே அவை பெறப்பட்டன. ஆலை நம் மண்ணில் வந்தால் போதும், யாவும் வந்தன என்று சிலர் எண்ணினர். அவ்வெண்ணம் 1960-இல் தகர்ந்தது. சோவியத் ருஷ்யா சந்தை விலைக்குக் குறைவாக, ரூபாய்க்கே கச்சா எண்ணெய் தர முன்வந்தது. அதை உங்கள் ஆலைகளில் காய்ச்சிக் கொடுங்கள் என்று நமது சர்க்கார் மேற்படி கம்பெனிகளைக் கேட்டது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். அதே வருஷத்தில் கியூபாவிலும் கம்பெனிகள் இதே மறுப்பைக் கூறின. அங்கே சர்க்கார் ஆலைகளைப் பறிமுதல் செய்தது. இங்கே நாம் பறிக்கவில்லை. சோவியத்தின் விலையைக் காட்டியே கம்பெனிகளைச் சிறிது விலை குறைக்கச் செய்தோம். கூடவே, எண்ணெய் மந்திரி கேசவ தேவ மாளவியாவின் முயற்சியால் நம் சொந்த ஆலைகளையும் எழுப்பினோம். 1962-இல் ருமேனிய உதவியோடு கௌஹாத்தி, 1964-இல் சோவியத் உதவியோடு பரௌனி, 1965-இல் கோயலி, 1966-இல் கொச்சி, 1969-இல் பாரசீகக் கூட்டோடும் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கூட்டோடும் நமது சென்னை மணலி என அவை வரிசையாக எழுந்தன. 1974 முதல் அந்நியக் கம்பெனிகளின் ஆலைகளும் தேசத்தின் உடைமையாயின. எஜமானன் யார் என்பது ஆலை எங்கே நிற்கிறது என்பதைவிட முக்கியமான கேள்வி என்று கற்ற பிறகே நாம் முன்னேறினோம்.

இதைப் பெருமையோடு கூறும்போது, நம் வீட்டுக்குள் நடந்த ஒரு வழக்கையும் மறத்தல் நியாயமாகாது. 1953-இல் அஸ்ஸாமின் நாகர்கட்டியாவில் புதிய ஊற்று கிடைத்தபோது, அதைக் காய்ச்சும் பேராலையைப் பீஹாரின் பரௌனியில் வைப்பதென்று முடிவாயிற்று. எண்ணெய் எங்களுடையது, ஆலை அயல் மாகாணத்துக்கா என்று அஸ்ஸாமிய ஜனங்கள் கிளர்ச்சி செய்தனர். அதன் பயனே கௌஹாத்தியின் சிற்றாலை. 1969-இல் மறுபடியும் கிளர்ச்சி. அதன் பயன் பொங்காய்காவோன் ஆலை. 1985-இன் அஸ்ஸாம் உடன்படிக்கையில் இன்னொன்று வாக்களிக்கப்பட்டது; அதுவே நுமாலிகர் ஆலை. தேசத்தின் பந்தோபஸ்துக்கும் சிக்கனத்துக்கும் பரௌனியே தகுந்த இடம் என்று டில்லியார் கூறிய காரணங்கள் முற்றும் பொய்யல்ல. ஆனால், லண்டனிலிருந்த கம்பெனியார் பாரசீகத்தாரிடம் கூறிய காரணங்களும் இதே ஜாதியைச் சேர்ந்தவை. பிறர் நமக்குச் செய்தால் அநீதியென்றும், நாம் நம்முள் எளியோருக்குச் செய்தால் சிக்கனமென்றும் பெயரிடுவது தர்மமன்று.

அண்டை வீடாகிய இலங்கையையும் பார்ப்போம். அங்கே சப்புகஸ்கந்தையில் 1969 முதல் ஒரே ஓர் ஆலை உண்டு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 ஆயிரம் பீப்பாய் காய்ச்சுவது. பாரசீக எண்ணெயின் தன்மையை நோக்கி அமைக்கப்பட்டது. ஒவ்வோர் ஆலைக்கும் உகந்த எண்ணெய் வேறு. கிடைத்ததையெல்லாம் எல்லா ஆலையும் ஜீரணித்துவிடாது. பாரசீகத்தின்மீது அமெரிக்கத் தடை விழுந்தபோதெல்லாம் இவ்வாலை தடுமாறிற்று. 2021 நவம்பரில் கச்சா எண்ணெய் வாங்க டாலர் இல்லாமையால் அது மூடப்பட்டது. 2022-இல் எண்ணெய் வரிசைகளில் நாட்கணக்காக நின்று, நின்ற இடத்திலேயே முதியோர் சிலர் உயிர் விட்டனர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மண்ணெண்ணெயால் ஓடும் சிறு படகுகள் கரையேறிக் கிடந்தன. அவ்வருஷம் ஆகஸ்டில் 87 ரூபாயாயிருந்த லிட்டர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாயாயிற்று. கடலுக்குப் போகாத செம்படவன் வீட்டில் அடுப்பெரியாது என்பதை நாம் சொல்லி அறிய வேண்டியதில்லை. உலகச் சந்தையின் ஏற்றத்தாழ்வு என்று பத்திரிகைகளில் ஒரு வரியாக வருவது, பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இவ்விதமாகவே அனுபவத்துக்கு வருகிறது.

ஒவ்வொரு தேசமும் தனக்கென ஓர் ஆலை கட்ட வேண்டுமென்பது மூடத்தனம் என்று சில பொருளாதார நிபுணர் கூறுவர். ஆலையின் லாபம் பீப்பாய்க்குச் சில டாலரே. பெரிய ஆலையில்தான் செலவு கட்டும். தேவையுள்ள இடத்தில் காய்ச்சுவதே சிக்கனம். பிறர் மலிவாகக் காய்ச்சினால் வாங்கிக்கொள்வதே புத்தி என்பது அவர்கள் வாதம். இதில் உண்மையுண்டு. சிறு தேசங்கள் பல சேர்ந்து பொதுவில் ஓர் ஆலை வைத்துக்கொள்வது விவேகமே. ஆனால், இவ்வாதத்தை ஓதும் பணக்கார நாடுகள் தாமே என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஆஸ்திரேலியா 2012-க்கும் 2021-க்கும் இடையே ஏழு ஆலைகளில் ஐந்தை மூடிற்று. இறக்குமதியே மலிவு என்றார்கள். எஞ்சிய இரண்டும் மூடும் நிலைக்கு வந்தபோது சர்க்காருக்கு அச்சம் பிறந்தது. 2021-இல் பொதுப் பணத்தைக் கொடுத்து அவை ஓடும்படி ஏற்பாடு செய்தது. சிக்கனம் என்பது பிறருக்கு உபதேசம். பந்தோபஸ்து என்பது தமக்கு அனுஷ்டானம். ஸ்காட்லாந்தில் 1924 முதல் ஓடிய கிரேஞ்ச்மவுத் ஆலை 2025 ஏப்ரலில் காய்ச்சுவதை நிறுத்தியபோது, அங்கே எழுந்த கூக்குரலும் இதையே காட்டிற்று.

மின்சார வண்டிகள் பெருகிவரும் காலத்தில் எண்ணெய் ஆலையைப் பற்றிப் பேசுவானேன் என்று வேறு சிலர் கேட்பர். பெட்ரோலின் காலம் ஒருநாள் முடியும் என்பதை நாம் மறுக்கவில்லை. பூமியின் வெப்பம் ஏறுவதைக் காணும்போது அது விரைவில் முடிவதே நன்று. ஆனால், மின்சார வண்டியின் உயிர் எங்கே இருக்கிறது? காங்கோ தேசத்துக் கோபால்ட் பெரும்பாலும் சீனத்திலேயே சுத்திகரிக்கப்படுகிறது. வெட்டுபவன் ஒருவன், வடிப்பவன் வேறொருவன் என்னும் பழைய ஏற்பாடு உலோகத்தின் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் வந்துவிட்டது. இந்தோனேஷியா 2020-இல் நிக்கல் மண்ணைக் கச்சாவாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்து, உருக்காலைகளைத் தன் மண்ணுக்கு வரவழைத்தது. அதனால் அங்கே காடும் கடலும் கெடுகின்றன என்ற குறையும் உண்டு. ஆயினும், கேளாதவனுக்குக் கிடையாது என்னும் பாடத்தை அது கற்றிருக்கிறது. எண்ணெயின் சரித்திரத்தைப் படிக்காதவன் அடுத்த நூற்றாண்டிலும் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவான்.

ஆகவே, நாம் கூற விரும்புவது மூன்று. முதலாவது, ஆலைகள் பல இருப்பதாலேயே நாம் சுதந்திரர் என்று இறுமாந்திருத்தல் கூடாது. குஜராத்தின் வாடினாரிலுள்ள ஆலையில் ருஷ்யக் கம்பெனிக்கு ஏறத்தாழப் பாதிப் பங்குண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. உடனே ஓர் அமெரிக்கக் கம்பெனி அதற்கு அளித்துவந்த கணினி, கடிதப் போக்குவரத்து வசதிகளைச் சில நாள் நிறுத்தி வைத்து, வழக்குத் தொடுத்த பின்னரே மீண்டும் அளித்தது. ஆலை நம் மண்ணில், சாவி வேறெங்கோ. எண்ணெயைப் பல இடங்களிலிருந்தும் வாங்குதல், எந்த எண்ணெயையும் காய்ச்சவல்ல யந்திரங்களை வைத்தல், ஆபத்துக் காலத்துக்குச் சேமித்தல் ஆகியவை இன்றியமையாதன. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்து அமைத்த சேமிப்பு 53 லட்சம் டன் அளவே. அது பத்து நாள் தேவைக்கும் முழுதாகப் போதாது.

இரண்டாவது, நாம் கற்ற தொழிலைப் பிறருக்குக் கற்பிக்க வேண்டும். மங்கோலியாவில் நமது கடனுதவியோடும் நமது நிபுணர் துணையோடும் ஓர் ஆலை எழும்பி வருகிறது. உகாண்டாவிலோ எண்ணெயைத் தான்சானியக் கடற்கரைக்குக் கச்சாவாகவே கொண்டுபோக 1,443 கிலோ மீட்டர் குழாய் முதலில் திட்டமாயிற்று. அந்நாட்டார் வெகுகாலமாகக் கேட்டுவரும் ஆலை இன்னும் பின்தங்கியே இருக்கிறது. இத்தகைய தேசங்களுக்கு நாம் பெட்ரோல் விற்பவராக மட்டும் போனால், நேற்று நம்மிடம் வந்தவர்களின் வேஷத்தை நாமே தரித்தவராவோம். ஆலை கட்டத் துணை நிற்பவராகப் போனால், நட்பும் வியாபாரமும் ஒருங்கே வளரும்.

மூன்றாவது, ஆலையின் பயன் தேசத்துக்கென்றால், அதன் புகை ஒரு சேரிக்கு மட்டும் என்பது கூடாது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, செம்படவர்கள் தம் வெறுங்கையாலேயே அதை வாரி எடுத்தனர். வலையும் படகும் கெட்டன. தொழில் பல வாரம் நின்றது. உலகத்து ஆலைகளுள் நாலாம் ஸ்தானத்தை வகிக்கும் தேசம், ஒரு கழிமுகத்தைச் சுத்தமாக வைக்க இயலாதென்று கூறுமாயின், அந்த ஸ்தானத்தால் வந்த மதிப்பு யாது?

எண்ணெயைச் சுத்திகரிப்பது யந்திரத்தின் வேலை. அதன் பயனைப் பங்கிடுவது மனிதரின் வேலை. முன்னதில் நாம் தேர்ந்துவிட்டோம். பின்னதிலும் தேர்வதற்கு நமது சர்க்காரும், ஆலை நடத்துவோரும், வாக்களிக்கும் ஜனங்களும் முயல்வார்களாக.